தாவாதே என்று சொன்ன கீரி

ஒரு காட்டில் சிங்கமும் யானையும் மானும் மற்றவையும் வழக்கம்போல வாழ்ந்து வந்தன. வழக்கத்துக்கு மாறாக அங்கே ஒரு கணினியும் இருந்தது. காட்டாற்றின் குறுக்கே ஒரு மதகு. அதைத் திறப்பதும் மூடுவதும் அந்தக் கணினியின் வேலை. எப்போது திறக்க வேண்டும், யார் பக்கம் தண்ணீர் விட வேண்டும் என்பதையெல்லாம் புரோகிராமாக எழுதி வைத்தவன் வாலப்பன் என்ற குரங்கு.

குரங்கு எழுதினால் எப்படி இருக்கும்? மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தால் நடுவில் 'தாவு' என்று ஒரு கட்டளை நிற்கும். எங்கே தாவ? கடைசிக்கு. கடைசிக்குப் போனால் அங்கே 'மறுபடி நடுவுக்குத் தாவு' என்றிருக்கும். பெயர்களோ அ, ஆ, இ, ஈ. "மதகு அ-வா, ஆ-வா?" என்று யாராவது கேட்டால் வாலப்பன் வயிற்றைச் சொறிந்துகொண்டு, "அது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது" என்பான். ஒருவருக்கும் புரியாததால் எல்லோரும் அவனை மேதை என்றார்கள்.

அந்தக் கோடையில் மான்பள்ளம் வற்றிப்போயிற்று. மதகிலிருந்து வரும் வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்த குட்டை அது. மான் கூட்டம் முழுக்க அதை நம்பித்தான் இருந்தது. மருக்கொழுந்து என்ற புள்ளிமான் ராஜாவிடம் போய் அழுதாள். அவள் குட்டி எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தது. சிங்கராஜா வாலப்பனைக் கேட்டார். புரோகிராமில் ஒரு பழுதும் இல்லை என்று அவன் சத்தியம் செய்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ராஜா தில்லைக்கரசியைக் கூப்பிட்டுவிட்டார்.

தில்லைக்கரசி கீரி. தலை எது, வால் எது என்று பார்த்த பிறகே எதன்மேலும் வாய் வைக்கிற குலம். வாலப்பனின் புரோகிராமில் அவளுக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. ஒரு தாவலைத் துரத்திக்கொண்டு போனால் இன்னொரு தாவலில் போய் முட்டினாள்.

"இதைச் சரிபண்ண முடியாது ராஜா, புதிதாகத்தான் எழுத வேண்டும்" என்றாள். "தாவு என்ற கட்டளையே கூடாது. 'இப்படி இருந்தால் இதைச் செய்', 'இது முடியும்வரை அதைச் செய்', அவ்வளவு போதும். மேலே நுழைந்தால் கீழே வெளியே வர வேண்டும். வாசிக்கிறவருக்குப் புரிய வேண்டும்."

"கணினிக்குப் புரிந்தால் போதாதா?" என்றான் வாலப்பன்.

"கணினிக்கு நீ எப்படி எழுதினாலும் புரியும். மதகு மக்கர் பண்ணினால் வந்து பார்க்கப்போவது கணினியா, நாமா?"

ராஜா பிடரியை ஆட்டினார். "நல்ல யோசனை. இதற்கு ஒரு விதிமுறை வேண்டும். கமிட்டி போடுங்கள்."



கமிட்டி நாவல் மரத்தடியில் கூடியது. ஒரு கட்டளைக்குள் அடங்கும் வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுத வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எவ்வளவு தள்ளி என்பதில்தான் காடு இரண்டுபட்டது. "ஓர் எட்டு தள்ளி" என்றது யானை. "உங்கள் எட்டுக்கு வரியே திரைக்கு வெளியே போய்விடும்" என்றது எலி. அணில் திரும்பி நின்று முதுகைக் காட்டியது. "மூன்று இடம். இதிலென்ன வாதம்?"

அடுத்து பெயர்கள். மதகுக்கு 'காட்டாற்றுமேற்குக்கரைக்கருங்கல்மதகு' என்று பெயர் வைக்கச் சொன்னது மலைப்பாம்பு. அதை வாசித்து முடிப்பதற்குள் ஆறு வற்றிவிடும் என்றது முயல். ஆமை அப்போதுதான் வந்து சேர்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னது. மருக்கொழுந்து ஒருமுறை "தண்ணீர்..." என்று வாயெடுத்தாள். அது இன்றைய பொருளில் இல்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

தில்லைக்கரசியும் லேசுப்பட்டவள் அல்ல. உள்ளே தள்ளிய வரிகளைச் சுற்றிப் போடும் அடைப்புக்குறியை அதே வரியில் போடுவதா, அடுத்த வரியில் போடுவதா என்று காட்டுப்பன்றியோடு பொழுது சாயும்வரை மல்லுக்கு நின்றாள். ஜெயித்தும்விட்டாள். அந்தப் பூரிப்போடு திரும்பும்போது வழியில் மருக்கொழுந்து நின்றாள்.

"அக்கா, அந்தக் குறி எந்த வரியில இருந்தா என் பிள்ளை தண்ணி குடிக்கும்?"

 மறுநாள் தில்லைக்கரசி அணில் சொன்ன மூன்று இடத்துக்கும், முயல் சொன்ன குட்டைப் பெயர்களுக்கும் தலையாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாள். ராஜா முன்பு என்ன உத்தரவு போட்டிருந்தார் என்று வாலப்பனிடம் கேட்டு, அதை அப்படியே, ஆனால் தெளிவாக எழுதினாள். பழுது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் ராஜாவே திருத்திவிடுவார் என்று நம்பினாள். நல்ல புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு உலகத்தின்மேல் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு.

சபையில் கணினித் திரையைத் திறந்தார்கள். மருக்கொழுந்துதான் உரக்க வாசித்தாள்.

ராஜாவின் குளியல்குளம் நிரம்பும்வரை
   தண்ணீரைக் குளியல்குளத்துக்கு விடு
பிறகு மீதி இருந்தால்
   மான்பள்ளத்துக்கு விடு

அந்தக் குளம் ஏரி போன்றது. கோடையில் அது நிரம்பி யாரும் பார்த்ததில்லை.

"அடடே, எனக்குக்கூடப் புரிகிறதே!" என்றது எலி.  எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். ராஜா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இவ்வளவு பட்டவர்த்தனமாகவா எழுதுவது?" என்றார் கடைசியில்.

"வாசிக்கிறவருக்குப் புரியும்படி, ராஜா."

"எல்லோருக்கும் புரிந்துவிட்டால் அப்புறம் ராஜாங்கம் எதற்கு? வாலப்பன் எழுதுகிற மாதிரி எழுது. சாயங்காலத்துக்குள் வேண்டும். கமிட்டியின் விதிமுறை மட்டும் அப்படியே இருக்கட்டும், கௌரவமாக இருக்கிறது."

தில்லைக்கரசி புதருக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள். அவமானம் ஒரு பக்கம், மருக்கொழுந்தின் முகம் ஒரு பக்கம். நெடுநேரம் கழித்து எழுந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள். முதல் 'தாவு' எழுதும்போது கசந்தது. போகப் போக, சொல்லவே கூடாது, சுகமாகத்தான் இருந்தது. ஆ-விலிருந்து ஈ-க்குத் தாவினாள், ஈ-யிலிருந்து எங்கோ தாவினாள். அந்தத் தாவல்களுக்கு நடுவில் ஓரிடத்தில் மான்பள்ளத்தையும் குளியல்குளத்தையும் இடம் மாற்றி வைத்தாள்.

சாயங்காலம் கமிட்டி பரிசோதித்தது. அணில் ஒவ்வொரு வரியும் மூன்று இடம் தள்ளியிருக்கிறதா என்று பார்த்துக் கண் கலங்கியது. காட்டுப்பன்றி அடைப்புக்குறிகளை முறைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தது. ஏகமனதாக நிறைவேறியது.

ராஜா வாலப்பனைக் கேட்டார். "உனக்குப் புரிகிறதா?"

வாலப்பன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், தலைகீழாகத் தொங்கியும் பார்த்தான். ஒரு மண்ணும் புரியவில்லை. அதைச் சொன்னால் மேதைப் பட்டம் என்னாவது?

"அற்புதம் ராஜா! நானே எழுதியது போல இருக்கிறது."

"என் குளத்துக்குத்தானே முதலில்?"

"பின்னே?"

மறுநாள் காலை மான்பள்ளத்தில் தண்ணீர் தளும்பியது. மருக்கொழுந்தின் குட்டி நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, மூச்சு விடவும் நேரமில்லாமல் குடித்தது. குளியல்குளத்தில் ராஜா கணுக்கால் அளவு சேற்றில் நின்றபடி வாலப்பனை உறுமிக்கொண்டிருந்தார். இதோ கண்டுபிடித்துவிடுகிறேன் என்று அவன் ஆ-வுக்கும் ஈ-க்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தான்.

"எப்படி எழுதினீங்க அக்கா?" என்று காதோடு கேட்டாள் மருக்கொழுந்து.

தில்லைக்கரசி கையை விரித்தாள். "நேற்று எனக்கும் ஆண்டவனுக்கும் தெரிந்திருந்தது, கொழுந்து. இன்றைக்கு ஆண்டவனுக்கு மட்டும்தான்."

நீதி: எல்லோருக்கும் புரியும்படி எழுதுவது நல்லொழுக்கம். ஆனால் நல்லது நடக்க வேண்டுமானால் ராஜாவுக்குப் புரியாதபடி எழுதுவதே உத்தமம்.