விண்கல்லின் குறுக்களவு

நான்காயிரத்து நூற்று இருபத்தாறு நாட்கள் நீடித்த அந்தப் போரில் ஒருவர்கூடச் சாகவில்லை. ரூசே நகர அறிவியல் புனைகதைச் சங்கத்தின் இரண்டு ஆண்டறிக்கைகளும் (சங்கம் ஒன்றுதான், அறிக்கைதான் இரண்டு) இதைப் பெருமையோடு பதிவு செய்கின்றன. மனித குலம் நடத்திய போர்களிலேயே இதுதான் அறிவுபூர்வமானது. சிந்தியதெல்லாம் ஒரு கிண்ணம் குடல் சூப். அதுவும் ஆறிய சூப்.

'இரும்பு ஆந்தை' ஒரு திரைப்படத் தொடரில் வரும் பேரரசின் போர்க்கப்பல். 'அமைதியின் மகள்' வேறொரு தொலைக்காட்சித் தொடரில் வரும் கூட்டரசின் கப்பல். இரண்டும் வெவ்வேறு அண்டங்கள். ஒன்று இருப்பதே மற்றொன்றுக்குத் தெரியாது. அதனால்தான், மோதினால் எது ஜெயிக்கும் என்று யாராவது பொறுப்போடு கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சங்கத்திடம் ஒரு 'முறை' இருந்தது. படத்தை நிறுத்துவது. திரையில் அளவுகோலை வைப்பது. ஆந்தையின் ஒளியீட்டி பட்டு ஒரு விண்கல் ஆவியாகிறதல்லவா, அந்தக் கல் எத்தனை மீட்டர், ஆவியாக எத்தனை ஆற்றல் வேண்டும் என்று கணக்குப் போடுவது. கதை என்ன, யார் யாரைக் காதலித்தார்கள் என்பதெல்லாம் முறைக்குப் புறம்பானவை. சங்கத்தில் பாதிப் பேருக்கு அவை தெரியாது.

கணக்கைப் போட்டவள் ரலிட்சா. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவளுடைய அப்பா ஸ்த்ராவ்கோ, பல் மருத்துவர், ஆந்தைக் கட்சி; கல்லின் குறுக்களவைத் தன் தொழில் கருவியாலேயே திரையில் அளந்தார். சித்தப்பா ஸ்விலென், டிராலி பஸ் ஓட்டுநர், மகள் கட்சி. மகளின் கேடயம் இருநூறு கிலோடன் தாங்கும் என்பதில் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ரலிட்சாவின் விடை: தொள்ளாயிரத்து அறுபது. மகள் தூள் தூள்.

இந்த முடிவு ப்ளோவ்திவ் நகரத்து மாநாட்டில், ஒரு ஜூன் பதினெட்டாம் தேதி அரங்கேறியது. கேள்வி நேரம் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஆறரைக்கு முடிந்தது. பத்து மணி நேரம். இன்றும் சங்கத்தின் சாதனை அதுதான். நடுவில் அப்பாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரே வாக்கியத்தில் பேசி வைத்துவிட்டார். "யாருப்பா?" என்று ரலிட்சா கேட்டதற்கு, "நோயாளிம்மா. பல் வலியாம். நீ பதில் சொல்லு" என்றார். கவனம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அதற்கடுத்த வியாழன் கூட்டத்தில்தான் சூப் சிந்தியது. சித்தப்பா எண்ணைக் கேட்டார், எழுந்தார், போனார். அன்றிலிருந்து சங்கத்துக்கு இரண்டு தலைவர்கள், இரண்டு முத்திரைகள். ஒற்றைப்படை வாரத்தில் ஆந்தைக் கூட்டம், இரட்டைப்படை வாரத்தில் மகள் கூட்டம். ஒன்பதாம் எண் பஸ்ஸில் ரலிட்சா ஏறினால், சித்தப்பா தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைத் திருப்பிவைப்பார். அதற்கு முன்பெல்லாம் முன் இருக்கையில் தன் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்.

ரலிட்சா வளர்ந்து இயற்பியல் படித்தாள். எடைக்கற்களைச் சோதிக்கும் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று கிராம் பாலாடைக்கட்டி குறைந்தால் கடைக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பாள். அவர்கள் கெஞ்சினாலும், "அளவு அளவுதான்" என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிடுவாள். பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே பழைய கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தாள். குறுக்களவு நாற்பது மீட்டர். ஆரம் இருபது என்று எழுத வேண்டிய இடத்தில் நாற்பதையே எழுதியிருந்தாள். விடை எட்டு மடங்கு பெருத்துவிட்டது. சரியான விடை நூற்று இருபது. ஆந்தை சுட்டால் மகளுக்குச் சளிகூடப் பிடிக்காது.

மூன்று கிராமுக்கு மன்னிப்பு வழங்காத அந்த அதிகாரி, எட்டு மடங்கை மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டாள். அறிவியலில் பொறுமை முக்கியம்.

சூப் சிந்திய பதினோரு ஆண்டுகள் கழித்து, ஓர் அக்டோபரில், சங்கம் கூடும் பண்பாட்டு மன்றத்தின் செயலாளர் யோர்தான்கா ஓர் உத்தரவு போட்டார். ஓர் அறை, ஒரு சங்கம், ஒரு தலைவர். வியாழக்கிழமைக்குள் ஒன்றுசேராவிட்டால் அறை நாட்டுப்புற நடனக் குழுவுக்குப் போகும். நகரத்தில் வேறு எவரும் இவர்களுக்கு இடம் தரமாட்டார்கள். இரு கட்சிகளும் கடிதம் மூலம் ஒரு நிபந்தனைக்கு உடன்பட்டன: ரலிட்சா கணக்கை மறுபடி போட வேண்டும். ஜெயித்த கட்சியின் தலைவரே தலைவர்.

வியாழனன்று ரலிட்சா மன்றத்து வாசலில் சற்று நின்றாள். கதவில் வழக்கம்போல் இறந்தவர்களின் நினைவுத் தாள்கள். அப்பாவையும் சித்தப்பாவையும் பெற்ற லிலியானா இரண்டு தாள்களில் சிரித்துக்கொண்டிருந்தாள், இரண்டிலும் ஒரே படம். 'நீங்கள் இல்லாத பதினோரு ஆண்டுகள்' என்று ஒன்றின் கீழே மூத்த மகன், மற்றொன்றின் கீழே இளைய மகன். நிர்வாகக் காரணங்களுக்காக இரண்டு.

மாடியில் நடனக் குழு உடையணிந்து நடைவழியில் தயாராக நின்றது. உள்ளே பேச்சு அடங்கும்போதெல்லாம் மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ரலி, சன்னலை மூடச் சொல்லு உங்க அப்பாவை," என்றார் சித்தப்பா.

"அவன் சட்டையில பொத்தான் போடச் சொல்லும்மா. குளிராது," என்றார் அப்பா. இருவருக்கும் நடுவே ஒரு முழத் தூரம்தான்.

யோர்தான்கா பேனாவைத் திறந்தார். "குறிப்பேட்டுக்குக் கேக்குறேன். இந்தக் கப்பலுங்க இப்ப எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லை, மேடம்," என்றாள் ரலிட்சா.

"சண்டை எப்ப நடந்தது?"

"நடக்கலை, மேடம்."

"அப்ப ரெண்டும் ஜெயிச்சதா எழுதிக்கவா?"

"அது எப்படி!" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே மூச்சில். பதினோரு ஆண்டுகளில் அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம். யோர்தான்கா அதை எழுதிக்கொண்டார்.

"மேடம், இது விளையாட்டு இல்லை," என்றார் அப்பா. "என் பொண்ணு கணக்கு. தொள்ளாயிரத்து அறுபது. ப்ளோவ்திவ்ல பத்து மணி நேரம் நோண்டி நோண்டிக் கேட்டாங்க. ஒருத்தனால ஒரு தசமப் புள்ளியை அசைக்க முடியலை."

மேளம் ஒரு தட்டுத் தட்டியது.

ரலிட்சா எழுந்தாள். கைப்பையின் உள்ளறையிலிருந்து தாளை எடுத்தாள். உண்மையைச் சொன்னால் அப்பாவின் பதினோரு ஆண்டுகள் போகும். சொல்லாவிட்டால் அந்தக் கண்ணாடி திரும்பவே போவதில்லை.

"நூத்தி இருபது," என்றாள், மேசையைப் பார்த்து. "ஆரம் போட வேண்டிய இடத்துல குறுக்களவைப் போட்டுட்டேன். மகள்தான் ஜெயிச்சா. சித்தப்பா சொன்னதுதான் சரி. எனக்கு ஏழெட்டு வருஷமாவே தெரியும்."

இடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை.

"தெரியும்மா," என்றார் அப்பா, மெல்ல. "மாநாட்டுக்குப் போறப்பவே, ரயில்லயே பார்த்தேன். பெரிய எண்ணா இருந்தது. விட்டுட்டேன்."

"எனக்கும் தெரியும்," என்றார் சித்தப்பா. "அந்த வியாழக்கிழமையே தெரியும். கோளத்தோட கன அளவு ஏழாங்கிளாஸ் பாடம்."

ரலிட்சா தாளை இருமுறை மடித்தாள். "தெரிஞ்சும் ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா அன்னைக்கே நீங்க ஜெயிச்சிருப்பீங்களே!"

"ஜெயிச்சு?"

"சண்டை முடிஞ்சிருக்கும்ல?"

சித்தப்பா சிரித்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அந்தச் சண்டை முடிஞ்சா, நிஜச் சண்டையை ஆரம்பிக்கணுமே ரலி. இதுன்னா கிலோடன்ல பேசிக்கலாம். யாரும் அழ வேண்டாம்."

"அப்ப எதுக்குத்தான் சண்டை? குறிப்பேட்டுல நான் என்ன எழுத?" என்று கேட்டார் யோர்தான்கா.

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்விலென், வேண்டாம்டா," என்றார். ரலிட்சா வழியாக அல்ல, நேராக.

சித்தப்பாவும் நேராகத் திரும்பினார்.

"ப்ளோவ்திவ்லேர்ந்து ரூசேக்கு அஞ்சு மணி நேரம், அண்ணா. நான் டிரைவர். எனக்குத் தெரிஞ்ச கணக்கு இது ஒண்ணுதான். காலையில பத்து மணிக்கு உனக்கு ஃபோன் பண்ணினேன். 'கேள்வி நேரம் நடக்குது, அப்புறம் பேசறேன்'னு வெச்சுட்ட."

மேளக்காரர் தட்டவில்லை.

"அம்மா ஆறு மணி வரைக்கும் உயிரோட இருந்தா."