ஜன்னல் வழியாக வந்த பாப்பா

அந்தப் பேருந்தில் இருந்தவர்கள்: டிரைவர், கண்டக்டர், கால்களுக்கு நடுவே ஒரு பலாப்பழத்தோடு காடாம்புலியூர் மாமா ஒருவர், முகூர்த்த நாள் என்பதால் உட்கார்ந்தும் நின்றும் தொங்கியும் ஒரு எண்பது பேர், நான், என் மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. இல்லாதவர் ஒரே ஒருவர்தான். அந்தக் குழந்தையின் அம்மா.

இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு வந்த பயத்தில் மூக்குக் கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்தது.

அந்தச் சமயத்தில் எனக்குக் கவனமாக வாழ்வது என்ற பைத்தியம் பிடித்திருந்தது. கடலூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அரை நாள் பயிற்சி ஒன்று நடத்தினார்கள். வந்தவர் மிக மெல்லிய குரலில் மூன்று விஷயங்கள் சொன்னார். பயணத்தில் செல்போனை அணைத்து வையுங்கள். தினமும் முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு உதவி செய்யுங்கள். செய்து முடித்ததும் உடனே ஓடாமல், கண்ணை மூடிப் பத்து மூச்சு கவனித்து, அந்த நிறைவை அனுபவியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். (அப்பாவும் போயிருக்கிறார், சுண்ணாம்பு அடிக்க.) அதனால் யார் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் நோட்டில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு, அப்படியே கடைப்பிடிக்கிற வியாதி எனக்கு உண்டு. மற்றவர்கள் டீயும் பஜ்ஜியும் முடிந்ததும் பயிற்சியை மறந்தார்கள். நான் மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் டவுனில் உதவி வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது லேசில்லை. மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரருக்குத் தண்ணீர் ஊற்றினேன். "அப்புடியே சாம்பார் கொண்டாப்பா" என்றார். கொண்டுவந்தேன். அடுத்த மேசையில் மோர் கேட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், அண்ணாமலை நகர் போய் என் பட்டச் சான்றிதழை வாங்கிவர ஒரு நாள் லீவு போட்டேன். காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரத்துக்கு இரண்டு தனியார் பேருந்துகள் ஒட்டி ஒட்டி நின்றன. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையும் பச்சையும். இரண்டு கண்டக்டர்களும் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இது என் டைமு. நீ எதுக்குடா ஏத்துற?"

"ரெண்டு நிமிஷம் முன்ன எடுத்தா இன்னா, ஒன் சொத்து போயிடுமா?"

எனக்கு ஒரு பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனை அணைத்துப் பைக்கு அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே போட்டேன். இன்றைய உதவிக்கு யார் வருவார்கள் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்டில் போட்டவன் மாதிரி.

எங்கள் பக்கத்தில் பஸ் நெரிசலாக இருந்தால் ஜன்னல் வழியாகத் துண்டு வரும், பை வரும், சில நேரம் பிள்ளையும் வரும். உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் படியில் முண்டியடித்து ஏறி வந்து வாங்கிக்கொள்வார். இதற்கு யாரும் யாருக்கும் நன்றிகூடச் சொல்வதில்லை.

"தம்பி, பாப்பாவ கொஞ்சம் புடிச்சிக்குங்க, தோ ஏறிடுறேன்!"

பட்டுப்புடவை கட்டிய ஒரு அக்கா. இரண்டு கைகளில் ஒரு குழந்தை. வாங்கினேன். பட்டுப்பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். என் மடியில் சட்டமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒன்பது மணிக்குள் அன்றைய உதவி முடிந்தது! விதிப்படி கண்ணை மூடினேன். மூச்சு ஒன்று. மூச்சு இரண்டு.

ஏழு வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. (தூங்கவில்லை என்று பல வருடம் சாதித்தேன். தூங்கினேன்.)

கண்ணைத் திறந்தபோது பஸ் கடலூர் முதுநகரைத் தாண்டியிருந்தது. மடியில் குழந்தை இருந்தது. அம்மா இல்லை. முன்னால் பார்த்தேன். பின்னால் பார்த்தேன். நின்றுகொண்டிருந்த எல்லாப் பட்டுப்புடவைகளையும் பார்த்தேன். அதில் ஒரு பட்டுப்புடவை என்னைத் திருப்பி முறைத்தது.

பக்கத்து சீட்டில் இருந்த பலாப்பழ மாமா குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். "ஒங்க பொண்ணா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் அதே வாரம்தான் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அம்மா ஒரு குரல் செய்தியை அனுப்பியிருந்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் இறங்கியிருக்கிறார்களாம். பார்த்தால் கண்ணாடி போட்டு, தோளில் பை மாட்டி, படித்த பையன் மாதிரியே இருப்பார்களாம். "ஆதாரமில்லாத வதந்திகளைப் பரப்பாதீர்கள்" என்று நான்தான் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தேன். இப்போது நான் கண்ணாடி போட்டிருந்தேன். தோளில் பை இருந்தது. படித்தும் தொலைத்திருந்தேன்.

"ஆமா மாமா" என்றேன்.

"ஒங்க ஜாடையே இல்லியே."

"அவுங்க அம்மா ஜாடை."

"அம்மா எங்க?"

"பின்னாடி வர்றாங்க."

(இது எவ்வளவு பெரிய உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது.)

குழந்தை திரும்பி என் முகத்தை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தது. பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டது: "நீ யாரு?"

மாமாவின் கை கன்னத்திலிருந்து மெதுவாக விலகியது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நானே நம்பவில்லை.

குனிந்து குழந்தையின் காதில் கேட்டேன். "ஒன் பேரு என்னம்மா?"

"பாப்பா."

"வீடு எங்க இருக்கு?"

"நீலக் கதவு."

"அப்பா எங்க?"

"போன்ல இருக்காரு. எடு."

போன் டிபன் பாக்ஸுக்குக் கீழே அணைந்து கிடந்தது. இறங்கலாமா என்று யோசித்தேன். தெரியாத ஊரில், யாரோ ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடு ரோட்டில் நிற்பதா? அடித்தே கொன்றுவிடுவார்கள். குழந்தையை சீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் இறங்கலாமா? (இதையும் யோசித்தேன். மறைக்கவில்லை.) அப்போது குழந்தை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

இதற்கிடையில் பஸ் வேறு பறக்க ஆரம்பித்திருந்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். அந்த இன்னொரு பச்சை வெள்ளைப் பேருந்து, பகலிலேயே லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு துரத்தி வந்தது. எங்கள் கண்டக்டரின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"பின்னாடி வண்டிக்காரன்ணே. மூணாவது வாட்டி கூப்புடுறான்."

"எடுக்காத" என்றார் டிரைவர். "ஆலப்பாக்கத்து டிக்கெட்ட அள்ளிக்கலாம்னு பாக்குறான். வுடுவனா நானு?"

கண்டக்டர் போனை வெட்டினார். டிரைவர் மிதித்தார். வழியில் கை காட்டி நின்ற நான்கு பேர் நான்கு கோடுகளாகப் பின்னால் போனார்கள். "அப்புடிப் போடுண்ணே!" என்று பின்சீட்டுப் பையன்கள் விசில் அடித்தார்கள். பாப்பாவும் கை தட்டியது.

இனித் தாங்காது. மாமாவின் பக்கம் திரும்பினேன்.

"மாமா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். இது என் பொண்ணு இல்ல."

"அப்ப யாரு பொண்ணு?"

"தெரியாது."

மாமா எழுந்து நின்றார். "யோவ் கண்டக்டர்! இங்க வாய்யா! இந்த ஆளு எவன் புள்ளையவோ தூக்கினு வந்துக்கிறான்!"

எண்பது தலைகளும் திரும்பின. விசில் நின்றது. எந்த ஊர், யார் பிள்ளை, என்ன வேலை என்று நாலா பக்கமும் கேள்வி. பண்ருட்டிப் பக்கம் என்று ஊரைச் சொன்னேன், அப்பா பேரைச் சொன்னேன். மாமா உடனே போனை எடுத்து யாரிடமோ, "ஒங்க ஊருல சுண்ணாம்பு அடிப்பாரே, அவரு புள்ள கண்ணாடி போட்டிருப்பானா?" என்று விசாரித்தார். ஒரு அம்மாள் குழந்தையை வாங்கக் கை நீட்டினார். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யாருகிட்டயும் தர மாட்டேன்! அவுங்க அம்மா என்கிட்டதான் குடுத்தாங்க!"

சொல்லும்போது நேர்மையாகத்தான் இருந்தது. கேட்டவர்களுக்கு வேறு மாதிரி இருந்திருக்கிறது.

"நிறுத்துங்க! பஸ்ஸ நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். அப்போது என் கால் பலாப்பழத்தை உதைத்தது. டிரைவர் ஒரு வளைவில் லேசாகப் பிரேக்கைத் தொட்டார். பழம் கிளம்பியது. பதினைந்து கிலோ இருக்கும். நின்றிருந்தவர்களின் கால்களுக்கு நடுவே, "ஐயோ", "அம்மா", "எவன்டா அவன்" என்று வரிசையாகக் குரல் எழுப்பிக்கொண்டே முன்னால் உருண்டு போய், இன்ஜின் பெட்டியில் மோதிப் பிளந்தது. டிரைவர் எது வெடித்தது என்று தெரியாமல் முழுப் பிரேக்கையும் அழுத்தினார்.

ஆலப்பாக்கத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால் பஸ் நின்றது. அடுத்த நொடி பின்னால் வந்த பேருந்து முன்னால் வந்து குறுக்கே நின்றது. அதிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். ஒருவர் கையில் ஜாக்கிக் கம்பி. எங்கள் டிரைவர், "டைமுக்காகவா இத்தினி பேரு வர்றீங்க?" என்று பயந்து கேட்டது காதில் விழுந்தது. அதற்குள் ஒருவர் படியேறி என் காலரைப் பிடித்துவிட்டார். சட்டையின் மேல் பொத்தான் எங்கோ தெறித்தது.

"இவன்தானா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை மூச்சைக் கவனிக்க மூச்சே இல்லை.

"வுடுங்க அவர! நாந்தான் குடுத்தேன்!"

அந்த அக்கா. தலை கலைந்து, செருப்பு ஒன்று இல்லாமல். குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவேதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளையை இந்த பஸ்ஸில் கொடுத்துவிட்டு, அவசரத்தில் பக்கத்து பஸ்ஸில் ஏறியிருக்கிறார். உள்ளே முண்டியடித்து ஜன்னல் ஜன்னலாகத் தேடி முடிப்பதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். அந்த டிரைவர் துரத்தியது டிக்கெட்டுக்காக இல்லை. கண்டக்டர் போன் போட்டது பஞ்சாயத்துக்கும் இல்லை.

எங்கள் டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏந்தம்பி, நான் ஏறலன்னு ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்க்கா."

"எதுக்கு?"

"மூச்ச... கவனிச்சிக்கிட்டு."

இரண்டு பேருந்து ஜனமும் எட்டிப் பார்த்தது. மாமாதான் பேசினார்.

"மூச்ச எதுக்குப்பா கவனிக்கணும்? அது பாட்டுக்கு வரும், போவும். புள்ளையக் கவனி."

முதலில் சிரித்தது அக்காதான். மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தார். பிறகு ஜாக்கிக் கம்பிக்காரர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

எல்லாரும் ஏறினார்கள். அக்கா இனி வண்டி மாற மாட்டேன் என்று எங்கள் பேருந்திலேயே நின்றுகொண்டார். பிளந்த பலாவை மாமா சுளை சுளையாகப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தார். பஸ் கிளம்பியது. நான் எழுந்து இடம் கொடுக்கப் போனேன். அக்கா தலையை ஆட்டினார்.

"நீங்க ஒக்காருங்க, ஒங்களுக்குக் கால் நிக்கல." பிறகு, வழக்கமாக எல்லாரும் கொடுக்கிற மாதிரியே குழந்தையை நீட்டினார். "கொஞ்சம் புடிச்சிக்குங்க தம்பி."

எண்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டேன். புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற முட்லூர், சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட். அதுவரை நான் கண் சிமிட்டியதாகக்கூட ஞாபகம் இல்லை. என் வாழ்க்கையில் மிகக் கவனமாக இருந்த முக்கால் மணி நேரம் அதுதான். பாப்பா என் மடியிலேயே தூங்கிவிட்டது.

அண்ணாமலை நகரில் சான்றிதழை வாங்கிய பிறகு போனை உயிர்ப்பித்தேன். அம்மாவிடமிருந்து பத்தொன்பது தவறிய அழைப்புகள். கூப்பிட்டேன்.

"டேய், ஒன்ன ஆலப்பாக்கத்துல கம்பத்துல கட்டி வச்சிருக்காங்களாமே? ஒங்கப்பா வேலைய வுட்டுட்டுக் கெளம்பிட்டாரு!"

மாமாவின் விசாரணை, ஊர் போய்ச் சேருவதற்குள் அவ்வளவு வளர்ந்திருந்தது.

அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். விருந்தாளி யாராவது அண்ணாந்து பார்த்தால் அம்மா அதைப் பற்றிச் சொல்வதே இல்லை, "அத்த வாங்கப் போனப்பதான்..." என்று இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். சொந்தக்காரர்கள் யார் என்னிடம் பிள்ளையைக் கொடுத்தாலும், "கண்ணத் தொறந்துக்கோப்பா" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

அன்றைக்கு இறங்கும்போது பலாப்பழத்துக்கு மாமா முந்நூறு கேட்டார். பிறகு அவரே ஐம்பதைக் குறைத்துக்கொண்டார், பாப்பா தின்ற சுளை அவர் கணக்காம். அக்கா பாதி தருவேன் என்று சண்டை போட்டு நூற்றிருபத்தைந்தை என் பையில் திணித்தார். ஆக, நஷ்டம் ஆளுக்கு நூற்றிருபத்தைந்து ரூபாய். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு பொத்தான்.