ஏணிப் பாதிரியாரும் என் வெள்ளைச் சட்டையும்

ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்டவர் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால், அது ஏணிப் பாதிரியார்தான். எங்கள் சனத்தைப் பரலோகத்துக்கு ஏற்றவென்று இளவயதில் மட்டக்களப்புக்குக் கப்பலேறிப் போன நோர்வேக்காரர். அங்கே ஒருவரும் அசையவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார். பின்னாலேயே அதே சனம் அகதியாய் வந்து இறங்கியதைக் கண்டதும், பரலோகம் போகாவிட்டால் பரவாயில்லை, கூரைக்காவது ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

கூரை என்றால் லேசுப்பட்ட கூரை இல்லை. நகரத்தின் கிழக்கு ஓரத்தில், காடு தொடங்குமிடத்தில் ஒரு பழைய மிஷன் வீடு. சுவர் மரம், தரை மரம், கூரை ஓடும் மரம். பாரம்பரியக் கட்டடம் என்பதால் ஓர் ஆணியைக்கூட நினைத்தபடி மாற்ற முடியாது. ஊழியம் முடித்து ஓய்வுபெற்ற கிழட்டு மிஷனரிகள் சிலர்தான் அதைக் கட்டிக் காத்தார்கள். மடகஸ்காரில் ஞானஸ்நானம் கொடுத்த கை இங்கே ஜன்னல் கண்ணாடிக்கு மக்குப் பூசும். நேபாளத்தில் பிள்ளைப்பேறு பார்த்த நர்ஸம்மா அலவாங்கால் அத்திவாரக் கல்லை நெம்புவார். இடையில் கோப்பியும் வாஃபலும். எங்கள் ஆள் மட்டும் வாஃபலுக்கு நடுவில் மாசிக் கருவாட்டுச் சம்பலை வைத்து மடித்துச் சாப்பிடுவார். மற்றவர்கள் கண்ணை மூடி ஜெபிப்பார்கள்.

அவர் வாயிலிருந்து வேதவசனம் ஒன்றுகூட நான் கேட்டதில்லை. அவருடைய பாவமும் பிசாசும் உளுத்த மரம்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி. எந்த மரத்தைக் கண்டாலும் ஒரு குத்து, ஒரு முகர்வு, பிறகு தீர்ப்பு. எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த அன்று, நாங்கள் புதிதாய் வாங்கிய அலுமாரியையும் குத்தினார்.

"இது மரமில்ல மனே. அமத்தின தூள்," என்றார் அச்சு மட்டக்களப்புத் தமிழில்.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. அவர் படியிறங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "வெள்ளைக்காரப் பாதிரி, மட்டக்களப்புக் கதை, கையிலை கத்தி. உங்களுக்கெண்டு எங்கையிருந்தப்பா ஆக்கள் வந்து வாய்க்குதுகள்?" என்றாள்.

ஆள் வாய்த்தது என் ஐம்பதாவது பிறந்தநாளால். துரொண்ட்ஹெய்மிலிருந்து அவளுடைய சொந்தபந்தமெல்லாம் வருவதாக அறிவித்துவிட்டது. மிஷன் வீட்டு மண்டபத்தை விட்டால் எங்களுக்கு வேறு இடமில்லை. போய்க் கேட்டேன்.

"வாடகை இல்லகா. ஒரு நாள் டுக்நாட். சிரமதானம் மனே, சிரமதானம்!"

சிரமதானம் என்றதும் என் வயிறு குளிர்ந்தது. ஊரில் நான் பார்க்காத சிரமதானமா? பிரமுகர் வருவார், மாலை விழும், மண்வெட்டியால் ஒரு கொத்து, ஒரு படம், பிறகு வடையும் பிளேன் டீயும். ஆகவே சொன்ன சனிக்கிழமை வெள்ளைச் சட்டையை ஸ்திரி போட்டு, சென்ட் அடித்துப் புறப்பட்டேன்.

"வேலைக்குப் போறியளோ, பொம்பிளை பாக்கப் போறியளோ?" என்றாள் மனைவி.

"சும்மா இரி. படமெல்லாம் எடுப்பாங்க."

அங்கே போனால் நர்ஸம்மா முழங்கால் அளவு சேற்றில் நிற்கிறார். அடுப்பில் பைன் மரத் தார் கொதிக்கிறது. பாதிரியார் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். கத்திப் பிடியால் என் வண்டி வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"உளுக்கல்ல. ஏறு."

சுவரில் ஒரு ஏணி சாய்ந்திருந்தது. அதன் மறுமுனை மேகத்துக்குள் இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். நான் எட்டாம் மாடியில் குடியிருந்தும் பல்கனியில் கால் வைக்காதவன். உயரமான கட்டிலில்கூடச் சுவர் ஓரமாய்ப் படுப்பவன்.

ஏணியின் முதல் படியில் மிசியம்மா உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். பாதிரியாரின் மனைவி. அது ஓய்வில்லை, காவல். ரகசியமாகச் சொன்னார்.

"இடுப்பெலும்பு மாத்தின மனுசன் தம்பி. விழுந்தா இனி எழும்பமாட்டார். நீ ஏறல்லெண்டா அவர்தான் ஏறுவார். நாளைக்கு மழை. அதுக்குள்ள மேல் மூலைக்குத் தார் படல்லெண்டா தண்ணி உள்ள இறங்கிரும். அத நினைச்சு இவருக்கு நித்திரையில்ல."

பாதிரியார் ஏற்கெனவே கையுறை போட்டுக்கொண்டிருந்தார். வேறு வழி? தார் வாளியைத் தூக்கினேன். மிசியம்மா ஒதுங்கி வழிவிட்டார், பாதிரியார் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நாலு படி ஏறவில்லை, ஏணி கிடுகிடுவென்று ஆடியது.

"ஐயா, ஆட்டாதீங்க!"

"நான் ஆட்டல்ல மனே. நீதான் நடுங்கிறாய்."

"நானில்ல, உங்கட கைதான்!"

"ரெண்டு பேரும்தான்," என்றார் மிசியம்மா, பின்னலிலிருந்து தலை தூக்காமல். "வேலையப் பாருங்க."

எப்படி மேலே போனேன் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது புகைபோக்கியைக் கட்டிப் பிடித்தபடி கூரை முகட்டில் இருந்தேன். கட்டின பெண்டாட்டியைக்கூட அப்படிக் கட்டிப் பிடித்ததில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். காற்றடித்தது. ஒரு சாக்குத் தேங்காய் ஆக்கினேன். 'கிறிஸ்தவக் கூரையிலிருந்து கூப்பிடுகிறேனே என்று குறை நினைக்காதே அப்பனே' என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"தீயணைப்பு வண்டியக் கூப்பிடுங்க!"

"கூப்பிடலாம் மனே," கீழிருந்து குரல் வந்தது. "முதல்ல அந்த மூலையப் பூசு."

நான் பூசவில்லை. புகைபோக்கியை விட்டால்தானே பூச! கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வாஃபல் கருகும் வாசம் வந்தது. மிசியம்மா எழுந்து ஓடினார். ஏணி மறுபடி கிடுகிடுத்தது. ஒரு வெள்ளைத் தலை கூரை விளிம்புக்கு மேலே வந்தது. மனுசன் தவழ்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் ஐயா ஏறினீங்க?"

"நீ தனிய இரிந்தாய்," என்றார் மூச்சு வாங்கியபடி.

பிறகு தூரிகையை எடுத்து அந்த மூலையைப் பூசினார். நடுங்கும் கையால் பூசியதில் கால்வாசி ஓட்டுக்கு, முக்கால்வாசி என் வெள்ளைச் சட்டைக்கு. முடித்ததும், தன் வயது அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போலக் கீழே பார்த்தார். என் தோளைப் பிடித்தார்.

"மனே, கால் வருதில்லகா."

எனக்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. புகைபோக்கியை விட்டேன். அவரை மெல்ல நகர்த்தி, நான் முதலில் ஏணியில் இறங்கி, அவருடைய சப்பாத்துக் கால்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் படியில் வைத்தேன். "இந்தா, இதில வைங்க. விழமாட்டீங்க, நான் இரிக்கிறன்." அப்படிச் சொன்னது என் குரல்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். இடையில் ஒருமுறை அவர் என் தலையிலேயே ஏறி நின்றார். பாரம் தெரியவில்லை.

கீழே மிசியம்மா மாவு அகப்பையோடு நின்றார். தமிழ் அவருக்குப் போதவில்லை. நோர்வேஜிய மொழியில் இத்தனை வசவு உண்டு என்பதை ஒரு மிஷனரியின் வாயால்தான் அறிந்தேன். திட்டி முடித்ததும் கணவரின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, கருகின வாஃபலை எங்கள் இருவர் கையிலும் வைத்தார்.

மழை பெய்தது. ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. பிறந்தநாள் அங்கேயே நடந்தது. "என்ன மணம் இது, ரோட்டுப் போடுறாங்களோ?" என்று துரொண்ட்ஹெய்ம்காரர் மூக்கைப் பொத்தினார்கள். பாதிரியார் மண்டபத் தூண்களை ஒவ்வொன்றாய்க் குத்தி முகர்ந்து, சந்தோசமாய் இருந்தார்.

அதன் பிறகு அவருக்கு ஏணி பிடிக்க மட்டும்தான் அனுமதி. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தார் படிந்த அதே சட்டையோடு நான் ஏறுவேன். கீழே அவர் நடுங்கும் கையால் பிடிப்பார். "ஆட்டாதீங்க ஐயா!" "நானில்ல மனே, நீதான்!" வருசாவருசம் அதே சண்டை.

போன மாரியில் அவர் போய்விட்டார். எங்கே போயிருப்பார் என்பது அவருடைய தொழில். அங்கேயும் கதவு நிலையைக் குத்தி முகர்ந்திருப்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இந்த வருசம் ஏணி பிடிக்க, ஜிம்மில் உடம்பு வளர்த்த இரண்டு பேரை விட்டிருந்தார்கள். ஏணி கல்லுமாதிரி நின்றது. துளி அசைவில்லை. பாதி ஏறினவனுக்கு அதற்கு மேல் கால் எழும்பவில்லை. கீழே பார்த்துக் கத்தினேன்.

"தம்பிமாரே, கொஞ்சம் ஆட்டுங்கடா!"