துக்கச் சாப்பாட்டுக்கு விரல்கள் வந்த விதம்

ஹால்வர் லேக், மினசோட்டா
நவம்பர் முதல் வாரம்

பெருமதிப்பிற்குரிய லோர்னா அத்தைக்கு,

தங்கள் அண்ணன் மகன் லீலண்ட் பணிவுடன் எழுதுவது. நானும் மனைவி மாரிட்டும் குழந்தை இங்ரிட்டும் சுகம். வாடகை வீட்டின் ஓவன் மட்டும் காலமாகிவிட்டது. எல்லா வினையும் அதிலிருந்துதான் தொடங்கியது. அரிசோனா வெயிலில் தங்கள் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. அந்தச் சர்ச் சமையலறையை அத்தனை வருஷம் கட்டி ஆண்ட உங்கள் மானத்தை ஒரே மதியத்தில் நான் கப்பலேற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எல்மர் குவிஸ்டின் துக்கச் சாப்பாட்டில் வெட்டிய கையையும் விரல்களையும் பரிமாறியது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான் அத்தை. ஆனால் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

கோடையில் இந்த ஊருக்குத் திரும்பி வந்தோம் அல்லவா, இங்ரிட்டுக்கு இன்னும் ஒரு சிநேகிதி கிடைக்கவில்லை. செப்டம்பரில் அவள் பிறந்தநாளுக்கு வகுப்பையே அழைத்தோம். இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருத்தி வயிற்றுவலி என்று கேக் வெட்டுமுன் போய்விட்டாள். அன்றைக்கு மிஞ்சிய காகிதத் தொப்பிகளைக் குழந்தை தானே மடித்துப் பெட்டியில் வைத்தாள், அதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் ஹாலோவீனுக்கு நம் வீட்டில் விருந்து, ஊரிலேயே பயங்கரமான பலகாரம் என்று அவள் பள்ளியில் சொல்லிவிட்டு வந்தபோது நான் மறுக்கவில்லை. மூளை இருக்கும், விரல் இருக்கும், அப்பா செய்வார் என்று சொல்லியிருக்கிறாள். பிராண்ட் என்று ஒரு பையன், வகுப்பில் அவன் வைத்ததுதான் சட்டமாம், "பாக்கலாம்" என்றானாம். மாரிட்டுக்கு அன்று ஆஸ்பத்திரியில் பகல் ட்யூட்டி. எனக்குக் கொதிகலன் பழுதுபார்க்கத் தெரியும், முட்டை வேகவைக்கத் தெரியும். அதற்கு முந்தின நாள்தான் ஓவன் கண்ணை மூடியது.

கொதிகலன்காரனுக்கு ஓவனைச் சரிபார்க்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். பார்த்தேன், அதன் பிறகுதான் அது அடியோடு செத்தது. எனவே பாஸ்டரிடம் சாவி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலை சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறைக்குப் போனேன். அத்தை, தற்பெருமை என்று நினைக்காதீர்கள், எல்லாம் நன்றாகவே வந்தது. வெண்ணெய் பிஸ்கட் மாவை விரலாக உருட்டி, மூட்டுக்குக் கத்தியால் கோடு போட்டு, நுனியில் பாதாம் பதித்து நகமாக்கினேன். கொத்துக்கறியைப் பிசைந்து ஒரு பெரிய கையாகப் பிடித்து, வெங்காயத்தில் நகம் வைத்து, மணிக்கட்டில் தக்காளி சாஸ் ஊற்றிச் சுட்டேன். ஜெல்லியில் ஒரு மூளை. சாக்லேட் கேக்கில் ஒரு கல்லறைத் தோட்டம். மேலே தூளாக்கிய பிஸ்கட் மண், மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும் மிட்டாய்ப் புழுக்கள், வரிசையாக பிஸ்கட் கல்லறைக் கற்கள். கற்களில் இங்ரிட் முந்தின நாளே வெள்ளைக் கிரீமால் எழுதி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: அடுத்தது நீதான்.

மூளை உறைய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அலுமினியத் தாளால் மூடி, சூடு ஆறவேண்டியதை மேடைமேலும் மற்றதைக் குளிர்பெட்டியிலும் வைத்தேன். வைத்ததோடு வந்திருந்தால் ஒன்றுமில்லை. தங்கள் கட்டளை நினைவுக்கு வந்தது. பெயர் ஒட்டாத பாத்திரம் வீடு திரும்பாது என்று சின்ன வயதில் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே ஒவ்வொரு தட்டின் அடியிலும் டேப் ஒட்டி 'டுவெட்' என்று குடும்பப் பெயரை எழுதினேன். அந்தச் சமையலறையில் தாளால் மூடி, டேப் ஒட்டி, பெயரெழுதி வைத்த தட்டு துக்கச் சாப்பாட்டுக்கு யாரோ கொண்டுவந்தது என்பதும் தாங்கள் போட்ட சட்டம்தான். அதை மறந்தது என் குற்றம். எல்மர் குவிஸ்டுக்கு அன்று அடக்கம் என்று தெரியும், ஆனால் அவர் ஏரிக்கு அந்தப் பக்கத்து லுத்தரன் சர்ச்சைச் சேர்ந்தவர் என்றே நினைத்திருந்தேன். அங்கே காபி தண்ணீராக இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு அவர் நம் சர்ச்சுக்கு மாறி வெகுகாலம் ஆகிறது என்பது எனக்கு யார் சொன்னார்கள்?

வீட்டுக்குப் போய்க் காகித வௌவால்களைத் தொங்கவிட்டேன். விருந்துக்கான வேஷத்தையும் போட்டுக்கொண்டேன், திரும்பி வந்து மாற்ற நேரம் இருக்காது என்று. எலும்புக்கூடு வேஷம், அத்தை. கறுப்பு உடையில் கழுத்திலிருந்து கணுக்கால்வரை வெள்ளை எலும்பு. தட்டுகளை எடுக்க அந்தக் கோலத்தில் சர்ச்சுக்குப் போய், கீழ்த்தளப் படியில் இறங்கிக் கதவைத் திறந்தால், கூடம் நிறைய ஜனம், எல்லோரும் கறுப்பில், கையில் காபி.

ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் ஊர்க்காரர்களை எனக்கு இதனால்தான் பிடிக்கும், இதனால்தான் பயமும். ஒரு பெரியவர் நகர்ந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். நடந்ததை ஆர்டிஸ் அம்மாள் பிறகு சொன்னார். தங்களுக்குப் பிறகு சமையலறை அவர் ஆட்சியில்தான் இருக்கிறது. பாஸ்டர் ஜெபம் செய்ய, எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அவர் தட்டுகளின் தாளை உரித்துக்கொண்டே போயிருக்கிறார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த துக்க வீட்டாருக்கு எதிரே ஒரு கை கிடந்தது. வரிசை நின்றது, பிறகு நகர்ந்தது. கொண்டுவந்தவர் மனம் நோகக் கூடாதே என்று ஆளுக்கு ஒரு விரல் எடுத்துக்கொண்டார்கள். வயதானவர்களுக்கு முதலில் கேக் கொடுப்பது வழக்கமல்லவா, எண்பதைத் தாண்டியவர்கள் எல்லோர் தட்டிலும் 'அடுத்தது நீதான்' என்ற கல் போய்ச் சேர்ந்தது. படித்தார்கள், தலையாட்டினார்கள், தின்றார்கள். நான் உட்கார்ந்த மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்து, வித்தியாசமாக இருக்கிறது என்றார்கள். அந்தச் சொல்லை ஒருமுறை கேட்ட மருமகள் அந்தப் பலகாரத்தை மறுபடி செய்ததாக நம் ஊரில் சரித்திரம் இல்லை.

தட்டுகளைத் திருப்பிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆர்டிஸ் அம்மாள் வந்து என் எலும்புத் தோளில் கை வைத்தார்.

"லீலண்ட், ஊருக்கு வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட ஆகல. கேக்காமலே நாலு தட்டு கொண்டாந்து வச்சிருக்க. லோர்னா வளர்ப்புன்னா சும்மாவா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இதற்குப் பிறகு எந்த மனிதன் தட்டைத் திருப்பிக் கேட்பான், சொல்லுங்கள். கொத்துக்கறிக் கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம் இருந்தது. மணியோ இரண்டைத் தாண்டிவிட்டது, மூன்று மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். காகிதத் தொப்பிப் பெட்டிதான் கண்முன் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. துக்க வீடு என்பதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. எதிரில் இருந்த எல்மரின் மனைவி வெர்னா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க எல்மருக்காக நீ இவ்வளவு அழறதுக்கு ஞாயம் இல்லியே. அவருக்கு உன் பேரே தெரியாது. என்ன விஷயம், சொல்லு," என்றார்.

சொன்னேன். குழந்தை, விருந்து, பிராண்ட், ஓவன், எல்லாவற்றையும். வெர்னா கையிலிருந்த விரலைக் கடைசி வரை மென்று விழுங்கினார். பிறகு ஆர்டிஸ் அம்மாளைக் கூப்பிட்டு, மிச்சம் இருப்பதையெல்லாம் இவனுக்குக் கட்டிக் கொடு என்றார். வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். என்னென்ன என்று தங்களுக்கே தெரியும்: ஹாம் வைத்த பன், அவித்த முட்டை, கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்டது, எலுமிச்சை இனிப்புத் துண்டங்கள். உலகத்தில் இதைவிடச் சாதுவான சாப்பாடு கிடையாது.

வீட்டுக்கு வந்தேன். இங்ரிட் சூனியக்காரி வேஷத்தில் வாசலில் நின்றாள். விரல் எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் போன போக்கை எழுத எனக்கு மனம் வரவில்லை. அழவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கணிசமாகவே வந்தார்கள், மூளை பார்க்க ஆசைப்பட்டு. பிராண்ட் ரத்தக்காட்டேரிப் பல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேசையைப் பார்த்தான்.

"இது பன்னு. எங்க வீட்ல தெனமும் இதான்," என்றான்.

எல்லோரும் இங்ரிட்டைப் பார்த்தார்கள். நான் வாயெடுக்குமுன் அவள் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள்.

"இது செத்துப் போனவரோட சாப்பாடு," என்றாள், குரலை உயர்த்தாமல். "நெஜமா செத்தவரு. இன்னிக்குக் காலையிலதான் பொதைச்சாங்க. அவரைப் பொதைச்சிட்டு வந்து சாப்பிட்டாங்க. இது மிச்சம்."

தேவதை வேஷம் போட்ட ஒருத்தி யார் செத்தது என்று மெதுவாகக் கேட்டாள். எல்மர் குவிஸ்ட் என்றாள் இங்ரிட். எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. பூசணித் தோட்டத்தில் அவர்களை விரட்டியவர். பிராண்ட் கையில் எடுத்த பன்னைக் கீழே வைத்தான், பிறகு எல்லோரும் பார்க்கிறார்களே என்று எடுத்து ஒரு கடி கடித்தான். அவன் முகம் வெளுத்ததை நானே பார்த்தேன். அவ்வளவுதான் அத்தை, கூச்சல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. நீ ஒன்று தின்னு, நான் ஒன்று தின்கிறேன் என்று பந்தயம். அவித்த முட்டையை யாரும் கண்ணை மூடாமல் விழுங்கவில்லை. தேவதை அழுதுகொண்டே இரண்டாவது எலுமிச்சைத் துண்டம் கேட்டாள். போகும்போது பிராண்ட், திங்கட்கிழமை பஸ்ஸில் தன் பக்கத்து இடத்தைப் பிடித்து வைப்பதாக இங்ரிட்டிடம் சொல்லிவிட்டுப் போனான். குழந்தை அன்று தொப்பியோடுதான் தூங்கினாள்.

நடந்தது இவ்வளவுதான். தங்கள் பெயருக்குக் களங்கம் வந்திருந்தால் காலில் விழுகிறேன். வெர்னாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னீர்கள், இன்றே எழுதுகிறேன். அந்தச் சர்ச் சமையலறைப் பக்கம் இனி என் ஆயுசில் தலைவைத்துப் படுக்க மாட்டேன், துக்கச் சாப்பாட்டுக்கு என் கையால் ஒரு பிஸ்கட்டும் போகாது. இது சத்தியம். தங்கள் முழங்காலையும் தங்களையும் ஆண்டவர் காப்பாராக. மாரிட்டின் அன்பும் இங்ரிட்டின் முத்தங்களும் இத்துடன் வருகின்றன.

இப்படிக்கு,
தங்கள் வளர்ப்பு என்று ஊர் சொல்லும்
லீலண்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் வெர்னா தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். டேப் ஒட்டியிருந்ததால் நான்கும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தன் அடக்கத்துக்கு இதே பலகாரம்தான் வேண்டும், விரலில் மட்டும் வெண்ணெய் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், 'அடுத்தது நீதான்' கல்லை மறக்காமல் ஆர்டிஸ் தட்டில் வைக்க வேண்டும் என்றார். இங்கே விளையாட வந்திருந்த இங்ரிட்டின் சிநேகிதர்கள் எல்லோரும் தாங்களும் வரலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டார்கள். அவரும் பிராண்ட் உட்பட எல்லோரையும் அழைத்திருக்கிறார், அவசரப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே தங்கள் பழைய சமையல் ஏப்ரனைத் தபாலில் அனுப்பி வைக்கவும்.