அறுபது கெஜம் அப்பா

சால்ட்பாண்ட்,
நவம்பர் 13, ஞாயிறு,
சர்ச் முடிந்து வந்த கையோடு.

ஹாம்பர்க் நகரில் கணவர், பிள்ளைகள், வெந்நீர்க் குழாய் சகிதம் சௌக்கியமாக வாழும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய எஃபுவா அக்கா அவர்களுக்கு, தம்பி க்வெக்கு வணங்கி எழுதுவது. இங்கே நான், என் மனைவி, அபா அத்தை, ஆடுகள் இரண்டு, எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள். தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் பாதியில் சிரித்துவிடுவீர்கள், எனக்குக் கோபம் ஆறிவிடும். அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் சர்ச்சுக்குப் போட்ட உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். காகிதம் வைத்திருக்கும் இடம் கொஞ்சம் உயரம். அவ்வப்போது அது நடுங்கவும் செய்கிறது.

விஷயம், நீங்கள் அச்சடித்து அனுப்பிய அறுபது கெஜம் துணி. அப்பா பர்மா சண்டைக்குப் போனவர், அவர் நினைவாகக் குடும்பத்தில் பதினோரு பேரும் போர்வீரர் நினைவு நாளன்று அவர் முகம் போட்ட ஒரே துணியில் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். நல்ல ஆசை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முகத்தின் அளவு இருக்கிறதே! வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மழை அளந்தவன் நான், அளவு விஷயத்தில் எனக்கு விளையாட்டு கிடையாது. அளந்து பார்த்தேன். முகம் ஒன்றுக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர், கீழே பேர் தனி. 'அத்தைக்குக் கண்ணில் புரை, நல்லா பெரிசாப் போடு' என்று அச்சுக்காரனிடம் சொன்னீர்களாமே. அத்தைக்குத் தெரிந்தது. கடலில் படகில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது.

தையல்காரர் பன்யினிடம் கொடுத்தேன். மனிதர் துணியை நெடுக்கே போட்டுப் பார்த்தார், குறுக்கே போட்டுப் பார்த்தார், சாக்குக் கட்டியைக் காதில் செருகிக்கொண்டு ஒரு நாள் முழுக்க யோசித்தார். எப்படி வெட்டினாலும் முன்பக்கம் ஒரு அப்பா வந்தால் பின்பக்கமும் ஒரு அப்பா வந்தே தீருகிறார், அதுவும் சரியாக உட்காரும் இடத்தில். நான் சத்தம் போட்டதற்கு, "ஐயா, நான் தையக்காரன், மந்திரவாதி இல்ல. உங்கப்பாவை எங்க வைக்கணும்னு சொல்லுங்க, அங்க வைக்கிறேன். எல்லா இடத்துலயும் இருக்கிறவரை நான் எங்க போய் ஒளிச்சு வைக்கிறது?" என்று கேட்டார். கடவுளைப் பற்றிப் பாதிரியார்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. என் உடுப்பு மட்டும் மிச்சத் துண்டுகளில் தைத்தது. அதனால் எனக்கு நெஞ்சில் மட்டும்தான் அப்பா. நான் தப்பித்தேன்.

புது உடுப்பைப் போட்டுப் பார்க்கிற அன்று அத்தை தன் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தார். தொப்பியோடு, மீசையோடு, முழு அப்பா பின்னால். எல்லோரும் அழகு என்றார்கள். அத்தை நாற்காலியில் உட்காரப் போனவர் பாதியிலேயே நின்றுவிட்டார். கையால் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து, "நான் என் அண்ணன் மேல உக்கார மாட்டேன்" என்றார். அவ்வளவுதான், கதை முடிந்தது. வீட்டில் மூத்தவர் உட்காராதபோது மற்றவர்கள் எப்படி உட்காருவது? இது வெறும் பஞ்சும் சாயமும்தான், நாளைக்கு இதையே துவைத்துக் கொடியில் போட்டால் அப்பாவைத் தொங்கவிட்டோம் என்றா சொல்வோம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "அப்ப நீ உங்கப்பன் மூஞ்சி மேல உக்காந்துட்டு வந்து எனக்குப் புத்தி சொல்லுடா" என்றார். வேறு உடுப்பில் போகலாமே என்று என் மனைவி சொன்னதற்கு, இத்தனை வருடம் வேறு உடுப்பில் போய் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

உங்களுக்குத் தெரியும், பதினேழு வருடமாக ஒவ்வொரு நவம்பர் பதினொன்றுக்கும் அத்தை கேப் கோஸ்ட்டுக்குப் போய், ஒலிபெருக்கியில் பேர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வருகிறார். துப்பாக்கி பிடித்தவர்கள் பேரெல்லாம் பட்டியலில் இருக்கிறது. அப்பாவைப் போல வெடிகுண்டுப் பெட்டியைத் தலையில் சுமந்து காடு மலையெல்லாம் நடந்தவர்கள் பேர் வேறு ஏதோ நோட்டில் இருந்ததாம், அந்த நோட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாதாம். அப்பாவும் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஊரே தலையில் தண்ணீர் சுமக்கும்போது நம் வீட்டில் மட்டும் வாளியைக் கையில்தான் தூக்க வேண்டும், தலையில் எதையாவது கண்டால் தட்டிவிடுவார். உங்கள் கை நீளமாக வளர்ந்ததே அதனால்தான் என்று பக்கத்து வீட்டார் கேலி செய்வார்களே, நினைவிருக்கிறதா? அவர் சண்டையைப் பற்றி நமக்குச் சொன்னது அந்த வாளி ஒன்றுதான்.

ஆனால் அத்தையிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். அவர் சண்டைக்கு லாரி ஏறும்போது அத்தைக்கு எட்டு வயது. 'நான் திரும்பி வரும்போது ஊர் நடுவில் நின்று என் பேரைக் கூப்பிடுவார்கள், நீ கேட்டுக்கொண்டே இரு' என்றாராம். மூன்று வருடம் கழித்து ஒரு மழை நாளில் லாரி அவரைச் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. யாரும் கூப்பிடவில்லை. மீன் வாங்கப் போன அத்தைதான் பார்த்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது எண்பத்தேழு வயது. இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். போன மாதம் முன்னாள் வீரர் சங்கச் செயலாளர் 'இந்த வருடம் கட்டாயம் சேர்த்துவிடுகிறேன்' என்று சத்தியம் செய்தார். அதனால்தான் உங்கள் துணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

வெள்ளிக்கிழமை காலை வேன் வந்தது. வேனில் உட்கார வேண்டுமே! திருப்பி அனுப்பிவிட்டு, தேங்காய் ஏற்றுகிற லாரி ஒன்றைப் பிடித்தோம். எல்லோரும் பின்னால் நின்றபடி வந்தார்கள், அத்தை நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு. நான் உடுப்பில் தப்பித்தவன் என்பதால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் கை காட்டினார்கள். ஒரே முகம் போட்ட துணியில் ஒரு லாரி ஆட்கள் போனால் வேறு என்ன நினைப்பார்கள்? ஓர் ஊரில், "உங்க ஆளு ஜெயிச்சா எங்க ரோட்டைப் போடச் சொல்லுங்க" என்று ஒரு பெண் கத்தினாள். "அவரு செத்து முப்பத்து மூணு வருசம் ஆச்சும்மா" என்று அத்தை பதில் சொன்னார். "பரவால்ல, இப்ப இருக்கிறவங்களும் ஒண்ணும் செய்யல" என்றாள் அவள்.

மைதானத்தில் நமக்குப் போட்டிருந்த பதினோரு நாற்காலியில் என்னுடையது போகப் பத்தும் காலி. வெயிலென்றால் அப்படி ஒரு வெயில், முப்பத்து மூன்று டிகிரிக்குக் குறையாது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு மேடை தெரியவில்லை. முதலில் இருமினார்கள், பிறகு கத்தினார்கள். ஒரு சிப்பாய்ப் பையன் வந்து அத்தையைப் பணிவாக உட்காரச் சொன்னான். அத்தை திரும்பி நின்று காட்டினார். அவன் பார்த்தான், பிறகு தானும் பக்கத்தில் விறைத்து நின்றுகொண்டான். பாட்டு, ஜெபம், சொற்பொழிவு மூன்று, மலர் வளையம், ஊதுகுழல் என்று நிகழ்ச்சி நடந்தது இரண்டு மணி ஐம்பது நிமிடம். என் கடிகாரம் பொய் சொல்லாது. அத்தையின் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்துக்கொண்டார்.

கடைசியில் பேர் வாசித்தார்கள். மேஜர் அமிஸா, ஓய்வு பெற்றவர், நம்மைவிட மூத்தவர், நல்ல குரல். நம் குடும்பப் பேர் வர வேண்டிய இடம் வந்தது. அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

"டேய், தாண்டிட்டாங்களா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார்.

"தாண்டிட்டாங்க, அத்தை."

அக்கா, அப்போது அத்தை அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அழவில்லை. பட்டியல் முழுவதும் முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். அப்புறம் என் தோளை விட்டுவிட்டு, தடியை ஊன்றி மேடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நாற்பது மீட்டர் இருக்கும். தடுக்க வந்த செயலாளரைத் தடியால் ஒதுக்கினார். மேஜர் முன்னால் போய் நின்று சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, உன் காகிதத்துல எங்கண்ணன் பேர் விட்டுப்போச்சு. பரவால்ல. இங்க இருக்கு, படி."

சொல்லிவிட்டு மேஜருக்கும், மேடையில் இருந்த அத்தனை பெரிய மனிதர்களுக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். நம் ஊரில் இதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா? மேடையில் இருந்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். நான் பூமியைப் பார்த்தேன். மேஜர் மட்டும் சட்டைப்பையில் தேடி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி குனிந்து, என் அத்தையின் பின்பக்கத்தை எழுத்து எழுத்தாக, உரக்கப் படித்தார். "லான்ஸ் கார்ப்பரல் கொபினா ஈஷுன். சுமைப் படை. பர்மா, 1944." பிறகு நிமிர்ந்து, இரண்டு அடி பின்னால் போய், சல்யூட் அடித்தார். அவ்வளவு விறைப்பான சல்யூட்டை நான் எந்தக் கொடிக்கும் பார்த்ததில்லை. ஊதுகுழல்காரன் தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து ஊதினான். மைதானமே எழுந்து நின்றது. இத்தனை நேரம் எங்களைத் திட்டிய பின்வரிசையும் நின்றது.

அத்தை திரும்பவே இல்லை. எங்கள் பக்கம் பார்த்தபடி நின்று, ஊதி முடியும்வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேட்டுவிட்டார், அக்கா. செயலாளர் பிற்பாடு என்னிடம் வந்து, அப்பா பேர் எழுதிய சீட்டு தன்னுடைய இன்னொரு கோட்டில் இருக்கிறது என்றார். எந்தக் கோட்டில் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பாவாடையை மாற்றி, அப்பாவின் முகம் மேலே வரும்படி மடித்து, கூடத்தில் இருக்கிற நல்ல நாற்காலியில் வைத்தார். "அண்ணன் உக்காரட்டும். நின்னு நின்னு களைச்சிருப்பான்" என்றார். தான் கீழே பாயில் உட்கார்ந்து கென்கேயும் பொரித்த மீனும் சாப்பிட்டார். அன்றிலிருந்து முழங்கால் வீங்கித் தேங்காய் மாதிரி இருக்கிறது. இன்றைக்கும் விடவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லோரையும் அதே துணியில் சர்ச்சுக்கு இழுத்துக்கொண்டு போனார். பிரசங்கம் முழுவதும் நின்றோம் (நின்றார்கள் என்று படிக்கவும்). பாதிரியார் அதைத் தன் பேச்சின் மகிமை என்று நினைத்துக்கொண்டு இன்னும் அரைமணி நேரம் நீட்டினார்.

ஆகையால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இனிமேல் நம் குடும்பத்தில் யார் முகத்தையும் துணியில் போட வேண்டாம். மிச்சம் இருக்கிற ஒன்பது கெஜத்தை ஜன்னல் திரையாகத் தைக்கக் கொடுத்துவிடுகிறேன். திரை மேல் யாரும் உட்காரப் போவதில்லை. எழுபது வயதில், அறிவியல் படித்த ஒருவனாக, ஒரு துணிக்குப் பயந்து நிற்கிற குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் குழாயில் வெந்நீரும் உங்கள் வீட்டில் சிரிப்பும் வற்றாமல் இருக்க நாங்கள் இங்கே வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
க்வெக்கு ஈஷுன்

பி.கு: திரைக்குக் கொடுக்கவில்லை. அந்த ஒன்பது கெஜத்தையும் அத்தை தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வருடத்துக்கு இன்னும் இருபது கெஜம் வேண்டுமாம், முகத்தை ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைக்கக் கூடாதாம், பேரை மட்டும் இன்னும் பெரிதாகப் போட வேண்டுமாம், மேஜருக்குப் பார்வை போதவில்லையாம். நானும் அதையேதான் சொல்கிறேன். இன்னொன்று. என் உடுப்பு துண்டுகளில் தைத்தது என்று எழுதினேன் அல்லவா, அது பொய். என் கால்சட்டையிலும் பின்னால் அப்பா இருக்கிறார். லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்காரவில்லை, அத்தைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு பின்னால்தான் நின்றேன். மைதானத்தில் பதினோரு நாற்காலியும் காலி. இப்போதும் அந்தக் கால்சட்டையில்தான் இருக்கிறேன். வீட்டில் நின்றுகொண்டு எழுதுகிற உயரத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியின் தலை ஒன்றுதான் இருக்கிறது. அது ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் எழுத்து நடுங்குகிறது. கடிதம் நீளமாகிவிட்டது, கால் வலிக்கிறது. அப்பாவுக்கு எப்படி வலித்திருக்கும் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன், அக்கா.