ஹூட் ஹாஜியாரின் சிவப்பு சீட்

மழையில் நனைவதற்காகவே கார் வாங்கியவர் கண்டிப் பகுதியில் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லாரும் நனையாமல் போவதற்காக வாங்கினார்கள். ஹூட் ஹாஜியாருடைய காருக்கு நல்ல கான்வஸ் கூரை உண்டு, சீமையில் தைத்தது. அது சீட்டுக்குப் பின்னால் ஒழுங்காக மடித்து வாரால் கட்டிக் கிடக்கும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் குடை பிடித்தவர்களே ஓரம் தேடி ஒதுங்கும் மழையில், அவர் தொப்பியிலிருந்து தண்ணீர் தாடிக்கு இறங்க, தாடியிலிருந்து மடிக்கு இறங்க, பெருநாள் தொழுகைக்குப் போகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து போவார். ஊர் சிரிக்கும். அவர் சிரித்தவர்களுக்கும் சலாம் சொல்லிக்கொண்டு போவார்.

அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அக்குறணையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிறவர். அவர் அந்தக் காரை வாங்கிய காலத்தில் நான் கண்டியில் ஒரு மோட்டார் கம்பெனியில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் மிகவும் ஒல்லியான உடம்போடும் வந்து சேர்ந்தவன். உடம்பைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் கடையில் இரண்டு மூன்று கார்கள்தான் கண்ணுக்குத் தெரிய நிற்கும். மற்றதெல்லாம் படத்தில். படத்தைப் பார்த்து, வளையத்தில் கோத்த தோல் துண்டுகளைத் தடவிப் பார்த்து, சீட்டு என்ன நிறம், ஹோர்ன் எந்த மாதிரி, விளக்கு எத்தனை என்று சொன்னால், நான் எழுதிச் சீமைத் தபாலில் சேர்ப்பேன். மாதக் கணக்கில் காத்திருந்தால் கார் கப்பலில் வரும். அதுவரை வாரா வாரம் தபால் கட்டும் நாளில் மனத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதியை ஹாஜியாரைப் போல யாரும் பயன்படுத்தியதில்லை.

முதல் நாள் வந்தவர், படங்களில் இருந்த மிக விலை கூடிய காரை விட்டுவிட்டு, தாழ்வான, நீண்ட மூக்குள்ள, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின்மேல் விரலை வைத்தார். தேயிலைத் தோட்டத்துச் சின்னத் துரைமார் வாங்கிக் கடுகண்ணாவை வளைவில் கவிழ்க்கிற இனம்.

"கிளாக்கர் தம்பி, இது எவ்வளவு வேகம் ஓடும்?"

கம்பெனியை நடத்திய எங்கள் வெள்ளைக்காரத் துரை சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"அதவிட ஓடுற ஒண்டு ஈக்கா?"

"ஹாஜியார், இது இளந்தாரியள் ஓடுற கார். உங்களுக்கு நல்ல மூடின கார் இருக்கு. குடும்பத்தோட போகலாம்."

"குடும்பத்தோட போகத்தான் கேக்கிற. காத்து நல்லா வரோணும்."

துரை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கிழவருக்கு இரண்டாம் கலியாணம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

உண்மை என்னவென்று ஹாஜியார் எனக்குச் சொன்னது பிறகுதான். உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் துரையைப் போலச் சிரித்துவிடுவீர்கள். அவருடைய மூத்த மகளுக்குக் கசநோய். டாக்டர் மருந்தை விடக் காற்றைத்தான் பெரிதாகச் சொல்லியிருந்தார். திறந்த காற்று, மலைக்காற்று, நாள்தோறும். ஆனால் குமர்ப்பிள்ளையைத் திறந்த இடத்தில் எங்கே கிடத்துவது? முற்றத்தில் கட்டிலைப் போட்டால் அக்கம்பக்கம் ஏன் என்று கேட்கும். ஏன் என்று தெரிந்தால் கீழே இருக்கும் இரண்டு தங்கைகளுக்கும் மாப்பிள்ளை வராது. மனிதர் இரவு பகலாக யோசித்து ஒரு கணக்குப் போட்டார். காற்றுத்தான் மருந்தென்றால், சும்மா நிற்கிற காற்றை விட ஓடி வருகிற காற்றில் மருந்து கூட. கார் எவ்வளவு வேகமோ அவ்வளவு மருந்து.

இந்தக் கணக்கைக் கேட்டு அன்று எனக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். இன்று வராது. இதை எழுதும்போதும் அடுத்த அறையில் என் மகள் இருமுகிறாளா என்று ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அடுத்த கிழமை ஹாஜியார் ஒரு தலையணையோடு வந்தார். கடையில் நின்ற திறந்த காரைச் சுற்றி வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்கட ஒடம்புதான் சரியான அளவு. ஏறிச் சாஞ்சு படுங்க பாப்பம்."

"ஹாஜியார், இது படுக்கிற வண்டியில்லை."

"கார் வாங்குற ஆள் கேட்டா படுக்கப்படாதா? படுங்க."

சாரதிக்குப் பக்கத்துச் சீட்டில் படுத்தேன். தலையணையைத் தலைக்குக் கீழே செருகினார்.

"இப்ப இருமுங்க."

"என்ன?"

"இருமுங்க தம்பி. சும்மா தொண்டயால இல்ல. நெஞ்சால."

இருமினேன். அவர் குனிந்து என் தலை எங்கே இடிக்கிறது, தோள் எங்கே குலுங்குகிறது என்று பார்த்தார். இன்னும் சாய வேண்டும் என்றார். மறுபடி இருமச் சொன்னார். வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள். கிளாக்கருக்கு ஏதோ நெஞ்சு வருத்தம் என்று ஒரு அம்மா சோடா வாங்கி வர ஆள் அனுப்பினார். கடைசியில் அந்தச் சீட்டின் முதுகு சாய்ந்து இறங்க வேண்டும், பஞ்சு இரட்டையாக வேண்டும் என்று எழுதச் சொன்னார்.

"சாரதி சீட்டும் அப்பிடியோ?"

"அதுக்குப் பலகையெண்டாலும் போதும். அதுல நான்தானே இருக்கிற."

தங்கள் காரில் இதுவரை யாரும் படுக்க விரும்பியதில்லை என்று சீமையிலிருந்து பதில் வந்தது. ஆனாலும் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு ஹூட், அந்தக் கான்வஸ் கூரை. திறந்தால் முழுக்கத் திறக்க வேண்டும், மூடினால் ஈ போகாமல் மூட வேண்டும், பக்கத்துக்கும் திரை வேண்டும். ஊருக்குள் மூடிக்கொண்டு போய் மலையில் திறப்பது அவர் திட்டம். மலையிலும் வளைவுக்கு அப்பால் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால், அது வந்து சேருமுன் மூடிவிட வேண்டும். அதற்கு அவர் மணிக்கூடு பார்க்கவில்லை. நாங்கள் ஹூட்டை இழுத்து மூட, அவர் கண்ணை மூடி அல்ஹம்து சூறாவை வாய்க்குள் ஓதுவார். அது அவர்கள் ஒவ்வொரு தொழுகையிலும் ஓதுகிற சின்னச் சூறா. ஓதி முடியுமுன் மூடினால் சரி.

"பிந்திட்டீங்க தம்பி. மறுகா ஒருக்கா."

நாள் முழுக்க நானும் கராஜில் கார் திருத்துகிற பாஸும் திறந்தோம், மூடினோம். ஊர் அவருக்கு ஹூட் ஹாஜியார் என்று பெயர் வைத்தது அப்போதுதான்.

ஹோர்ன்களை வரிசையாக அடித்துக் காட்டினோம். எல்லாவற்றுக்கும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தலையாட்டி மறுத்தார். "தூங்குற ஆள் திடுக்கிடப்படா." கடைசியில் வாத்துப் போல மெல்லக் கத்துகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அது குழந்தைகளின் சைக்கிளுக்கு என்று துரை சொன்னதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

காருக்குச் சாரதி வைக்க முடியாது. மகளுக்குப் பக்கத்தில் அந்நிய ஆண் எப்படி உட்காருவது? ஆகவே ஐம்பது வயதில் ஹாஜியார் தானே ஓட்டப் பழகினார். எங்கள் பாஸ் அவரைப் பழைய காரில் வாவியைச் சுற்றிக் கூட்டிப்போனார். ஹாஜியாருக்குத் தெரியாத ஆள் கண்டியில் இல்லை. தெரிந்த ஒவ்வொருவருக்கும் அவர் கையை எடுத்துச் சலாம் சொன்னார். பெரிய மனிதர்களுக்கு இரண்டு கையையும் எடுத்தார். வாவி மதிலில் ஒரு துண்டு போனது.

"கைய எடுக்காதீங்க ஹாஜியார்!" என்று பாஸ் அழாக்குறையாகக் கத்தினார்.

"சலாம் சென்னவருக்குப் பதில் செல்லாமப் போக ஏலுமா?"

சீட்டின் தோலுக்கு அவர் எடுத்துக்கொண்ட காலந்தான் அதிகம். துண்டுகளை வாசல் வெயிலில் வைத்து, சுட்ட பிறகு கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். முகர்வார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு வருவார். கடைசியில் பால் நிறம் என்று முடிவானது. மகளுக்குப் பிடித்த நிறம். நானும் எழுதி அனுப்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து, தபால் கட்டப் போகிற நேரத்தில் வந்தார். சலாம் இல்லை, தலையணை இல்லை.

"சீட்ட மாத்தோணும். சிவப்புப் போடச் செல்லுங்க."

துரை சத்தமாகச் சிரித்தார். கிழவருக்கு இளமை திரும்புகிறது என்றார். நான் பேனாவை எடுத்தேன்.

"பால் நிறம் பிள்ளைக்குப் பிடிச்சது எண்டீங்கள். ஏன் ஹாஜியார்?"

அவர் தோல் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பால் நிறத் துண்டைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இப்ப இருமினா ரெத்தம் வருது தம்பி. வெள்ளயில பட்டா புள்ள கண்டுடுவா. சிவப்புல ஒண்டும் தெரியாது."

அன்றுதான் எல்லாம் சொன்னார். என் இருமல் யாருடைய இருமலுக்கு அளவு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சிவப்பு என்று எழுதினேன். வேறெந்தச் சொல்லை எழுதவும் எனக்கு அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

கார் வந்தது. பிள்ளை அதில் போனாள். அதுவரைக்கும் கடவுள் கருணை காட்டினார். காலையில் அக்குறணையிலிருந்து இறுக்க மூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார், மாட்டு வண்டிகளின் வேகத்தில், வாத்துப் போலக் கத்திக்கொண்டு கண்டியைக் கடக்கும். அவ்வளவு வேகமான காரை அவ்வளவு மெதுவாக ஓட்டியவரும் அவர்தான். வேகமாகப் போனால் குலுங்கும், குலுங்கினால் பிள்ளை இருமுவாள் என்பது கார் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மருந்துக் கணக்கை மறந்துவிட்டார். ஹந்தானை மலையேறித் திறப்பார். பிள்ளை சாய்ந்து கிடந்து வானத்தைப் பார்ப்பாளாம். வளைவில் ஏதாவது சத்தம் கேட்டால் இவருக்கு முன்னால் அவளே ஓதத் தொடங்கிவிடுவாளாம், வாப்பா மூடி முந்துகிறாரா, தான் ஓதி முந்துகிறாளா என்று பார்க்க. ஒருநாள் வேண்டுமென்றே வேகமாக ஓதி வாப்பாவைத் தோற்கடித்தாள் என்று கடைக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஹாஜியார் ஹூட்டை மூடவில்லை. மழையில் தெப்பமாக நனைந்து கடை வாசலில் வந்து நின்றவரிடம், "ஹூட்டைப் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"இனி மூடுறதுக்கு என்ன ஈக்கி?" என்றார்.

சிவப்புச் சீட்டிலும் யாரையும் ஏற்றவில்லை. எவ்வளவு பெரிய மனிதரானாலும் பின்னால் மூடியைத் திறந்தால் விரிகிற டிக்கிச் சீட்டில்தான் இடம். கோட்டும் தொப்பியும் போட்ட வழக்குப் பேசுகிற ஒரு புரக்டரை அப்படி ஏற்றிப்போனபோது, மகாவலிப் பாலத்தில் தொப்பி ஆற்றுக்குப் போனது. முன்சீட்டு காலியாக இருக்கிறதே என்று அவர் குதித்தாராம். "அது காலியில்ல" என்றாராம் ஹாஜியார்.

வருடங்கள் ஓடின. எனக்குக் கலியாணமாகி, நீண்ட காலம் காத்திருந்து ஒரு மகள் பிறந்தாள். நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் குடியேறினோம். போன மாதம் அவளுக்கு நியுமோனியாக் காய்ச்சல். ஒரு பின்னேரம் மூச்சு விடவே தவித்தாள். கொட்டுகிற மழை. வண்டி ஒன்றும் இல்லை. அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாத்தளை வீதியில் நின்றேன். வாத்துச் சத்தம் கேட்டது.

கார் நின்றது. எனக்குத் தெரிந்த வழக்கப்படி பிள்ளையோடு டிக்கிப் பக்கம் ஓடினேன்.

"எங்க போற? புள்ளய முன்னுக்கு வை." என்னை அவர் நீ என்று சொன்னது அன்றுதான்.

சால்வையால் அந்தச் சீட்டைத் துடைத்தார். முதுகைச் சாய்த்தார். நான் இருமி அளவு கொடுத்த அதே சாய்வு. பிள்ளையைக் கிடத்தினேன். அவர் பின்னால் போய் வாரைக் கழற்றி ஹூட்டை இழுத்தார். இத்தனை வருடம் மூடாத ஹூட், துரு பிடித்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு முனகலும் இல்லாமல் எழுந்து வந்தது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதி முடியுமுன் கடைசி வாரும் பூட்டியாகிவிட்டது.

அந்த ஹூட் முன்சீட்டை மட்டுந்தான் மூடும். நான் டிக்கியில் மழைக்குள் உட்கார்ந்தேன். பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக, அவர் ஒரு கையால் ஓட்டி, என் மகள் இருமும்போதெல்லாம் மறுகையால் அவள் தலையைத் தாங்கிப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே போனேன். வழியில் யார் சலாம் சொல்லியும் அவர் கையை எடுக்கவில்லை.

ஆசுபத்திரி வராந்தாவில் அவர் என் தோளைப் பிடித்தார்.

"இருமல்ல சிவப்பு ஈக்கா?"

"இல்லை ஹாஜியார்."

அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார்.

மகள் தேறிவிட்டாள். நான்தான் இன்னும் தேறவில்லை. அவள் தண்ணீர் குடித்துப் புரைக்கேறினாலும் எழுந்து ஓடுகிறேன். இதை எழுதலாமா என்று ஹாஜியாரிடம் கேட்டேன். "தங்கச்சிமாருக்குக் கலியாணம் முடிஞ்சு புள்ளகளும் ஈக்கி. எழுதுங்க. அவ நல்லா ஓதுவா எண்டும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

இப்போது ஹாஜியார் கண்டிக்குப் போகும் சனிக்கிழமைகளில் எங்கள் வாசலில் வாத்து ஒருமுறை கத்தும். மகள் ஓடிப்போய்ப் படலையில் நின்று கையை ஆட்டுவாள். அவர் இரண்டு கையையும் எடுத்துச் சலாம் சொல்வார். ஹூட் பழையபடி மடித்துத்தான் கிடக்கிறது.

நாளை சனிக்கிழமை. வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. அவர் தலை துவட்ட ஒரு துவாயை எடுத்து வாசலில் வைக்கும்படி வீட்டில் சொல்லியிருக்கிறேன்.