ஆடு தின்ற கிளினிக் அட்டை

மேல் பிரிவு லயம்,
ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம்.

குவைத்தில் இருக்கும் அன்பு மனைவி விஜயலெட்சுமிக்கு உன் கணவன் தயாபரன் எழுதிக்கொள்வது. இங்கே நான், ஆடு, ஆறு கோழிகள் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும், நீ வேலை செய்யும் வீட்டு அம்மாவின் நல்ல குணத்துக்கும் முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. அதனால் வெள்ளிக்கிழமை அங்கே வேலைக்கு வரும் நம் ஊர் ஸவாஹிராவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நம் மகள் தனுஜாவுக்குச் சிறுநீர்ப் பாதையில் இருந்த அடைப்பை, வயிற்றில் சின்ன ஓட்டைகள் மட்டும் போட்டு ஆப்பரேசன் செய்து எடுத்தாச்சு என்று சொன்னேன் அல்லவா? அதனால் எனக்கு வந்த அவமானத்தைக் கேள். பெரியாயி அக்கா தோடம்பழத்தோடு வந்தார். பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, மூணே மூணு ஓட்டை! இதுக்குப் போயி ஆறு பழம் வாங்கிட்டு வந்தேனே" என்று மூன்றைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார். கங்காணியோ, "கொசு கடிச்சதுக்கெல்லாமா லீவு கேப்ப?" என்றார். உன் மகள் பார்க்க வருகிறவர்களிடம் ஓட்டைக்கு ஒரு டொபி மிட்டாய் வாங்குகிறாள். "அம்மா வந்தா மட்டும் சும்மா காட்டுவேன்" என்கிறாள்.

விஜயா, அந்த ஓட்டை வழியாக அடைப்பை எடுக்கவில்லை. இடது பக்கத்துக் கிட்னியையே எடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் பார்த்தீபன் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "இப்பிடி அடைப்பு இருக்கிற பிள்ளையளுக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கான் எடுத்துப் பார்க்கோணும் எண்டுதான் எங்கட வழிகாட்டியில இருக்கு. நேரத்துக்கு வந்திருந்தா இதே மூண்டு துளையால அடைப்பைத் திருத்திக் கிட்னியைக் காப்பாத்தியிருக்கலாம். ரெண்டு தரம் ஏன் வரேல்லை?" நடந்தது இதுதான்: முதல் தடவை அடைமழை, ரோட்டில் மண்சரிந்து பஸ் நின்றுவிட்டது, நடந்தாவது போகலாமென்று குடையை எடுத்தால் அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அடுத்த தடவை, தேதி போட்ட கிளினிக் அட்டையை நம் ஆடு பிளாஸ்டிக் உறையோடு தின்றுவிட்டது. ஒரு நாள் முழுக்க அதற்குப் புல் போடவில்லை. "மற்றக் கிட்னி நல்லா வேலை செய்யுது, பிள்ளை நல்லா இருப்பா" என்று டாக்டர் தைரியம் சொன்னார். நான் வார்டுக்கு வெளியே வந்து அழுதேன்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். தனுஜா உனக்கு மூன்று முத்தம் அனுப்பச் சொன்னாள்.

இப்படிக்கு, எந்நேரமும் உன் நினைவாகவே இருக்கும்
தயாபரன்

பி.கு.: மழை பெய்யவில்லை. ஆடு அட்டையைத் தின்னவும் இல்லை. பிள்ளை வலி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடி விளையாடினாள். நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்கு பஸ்ஸில் அலைக்கழிப்பது என்று இரண்டு தடவையும் நானாகத்தான் போகாமல் விட்டேன். நான்தான், விஜயா. அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், இரண்டு தேதியும் அதில் தெளிவாக இருக்கிறது. ஆட்டைத் திட்டாதே.